முற்றத்தில் முள்ளுப்பழம்

மூணாறு மலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கேரள மாநிலம், இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். பார்க்கும் இடமெல்லாம் தேயிலை. அங்கே வேலை செய்பவர்களில் பலர் தமிழ் பேசுபவர்கள். தாத்தா, பாட்டி காலத்தில் தமிழ்நாட்டுச் சமவெளியில் இருந்து மலையேறி வந்த குடும்பங்கள் அவை.

அந்த மலையில் ஒரு லயம். லயத்தின் கடைசி வீடு செல்லத்தாயின் வீடு. செல்லத்தாயின் குடும்பம் கதைக்காக வந்த குடும்பம்தான். ஆனால் இந்தப் பாடத்தில் வரும் செடி உண்மை. விஷமும் உண்மை.

1. அன்று நடந்தது

செல்லத்தாய் கொழுந்து எடுக்கிறாள். அவள் கணவன் மாரியப்பன். தேயிலைக்கு மருந்து அடிப்பது அவன் வேலை. அவர்களுக்கு ஒரே மகன் முத்து. வயது ஏழு. வீட்டில் மாரியப்பனின் தாயும் இருக்கிறார். முத்து அவரை ஆச்சி என்று கூப்பிடுவான்.

செல்லத்தாய் பள்ளிக்கூடம் போனதில்லை. இரண்டு ஆண்டுகளாக எழுத்தறிவு மையத்துக்குப் போகிறாள். இப்போது எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கடலை மடித்த தாள், பஸ் போர்டு, தீப்பெட்டி, எது கிடைத்தாலும் படித்துப் பார்ப்பாள். "நீ படிக்கத் தாள் கொண்டு வந்திருக்கேன்" என்று மாரியப்பனும் கிடைத்த தாளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டு வருவான்.

அது சித்திரை மாதம். பள்ளிக்கூடம் விடுமுறை. தேயிலைக் காட்டின் ஓரத்தில் முள்ளுச்செடியில் பழம் பழுத்திருந்தது. சின்னச் சின்ன மணிகளைச் சேர்த்துக் கட்டியது போன்ற பழம். நன்றாகப் பழுத்தால் கறுத்துவிடும். இனிப்பும் புளிப்புமாக இருக்கும். முள் செடியில் பழுப்பதால் அந்த வீட்டில் அதற்கு முள்ளுப்பழம் என்று பெயர்.

முத்து இரண்டு கை நிறையப் பறித்துத் தின்றான். காலையில்தான் பக்கத்துத் தேயிலையில் மருந்து அடித்திருந்தார்கள். காற்று வீசியது. மருந்தின் துளிகள் ஓரத்துச் செடிகள் மேலும் விழுந்திருந்தன. இது முத்துவுக்குத் தெரியாது.

மதியம் முத்து வாந்தி எடுத்தான். உடம்பு வேர்த்துக் கொட்டியது. வாயில் எச்சில் ஊறி வழிந்தது. கண்ணின் பாப்பா கடுகு போலச் சுருங்கிவிட்டது.

"வெயில் ஒத்துக்கலை. உப்புத் தண்ணி கொடுத்து இன்னும் வாந்தி எடுக்க வைப்போம்" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"வேண்டாம் மதினி. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள் செல்லத்தாய். முத்துவின் சட்டையைக் கழற்றினாள். கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஜீப் வந்தது.

புறப்படும்போது அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. காலையில் மாரியப்பன் ஒரு தாள் கொடுத்திருந்தான். புது மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாள் அது. படித்துப் பார்க்கலாம் என்று பாயின் அடியில் வைத்திருந்தாள். ஓடிப் போய் அதை எடுத்துக்கொண்டாள்.

2. தாளில் இருந்தது

"என்ன மருந்து அடித்தீர்கள்? பெயர் தெரியுமா?" என்று கேட்டார் டாக்டர்.

மாரியப்பன் விழித்தான். "வெள்ளை டப்பா ஐயா. மஞ்சள் முக்கோணம் போட்டிருக்கும்" என்றான். பதினொரு வருடமாக அவன் மருந்து அடிக்கிறான். டப்பாவின் நிறம் தெரியும். பெயர் தெரியாது.

செல்லத்தாய் தாளை நீட்டினாள். அதில் பல மொழிகளில் எழுதியிருந்தது. தமிழில் இருந்த பகுதியைக் காட்டி மெதுவாகப் படித்தாள்.

"மாற்று மருந்து... அட்... ரோ... பின்."

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். "நானும் இதைத்தான் சந்தேகப்பட்டேன். இப்போது உறுதியாகிவிட்டது" என்றார். உடனே சிகிச்சையைத் தொடங்கினார். முத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். நான்காம் நாள் எழுந்து இட்லி கேட்டான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "எல்லா விஷத்துக்கும் இந்த ஊசி பொருந்தாது. ஒவ்வொரு விஷத்துக்கும் சிகிச்சை வேறு. சில விஷத்துக்கு மாற்று மருந்தே இல்லை. நாமாக வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சில விஷம் மேலே வரும்போது இன்னும் புண்ணாக்கும். நோயாளியோடு தாளையும் கொண்டு வர வேண்டும். நீங்கள் கொண்டு வந்தீர்கள். அது நல்லதாகப் போயிற்று."

பிறகு அவர் டப்பாவில் உள்ள வண்ணங்களைப் பற்றியும் சொன்னார். பூச்சிக்கொல்லி டப்பாவின் மேல் ஒரு சதுரம் இருக்கும். அது ஒரு மூலையில் நிற்பது போல இருக்கும். அதன் கீழ்ப் பாதி முக்கோணமாகத் தெரியும். அந்த முக்கோணத்தின் வண்ணம் நமக்கு ஒரு செய்தி சொல்கிறது.

சிவப்பு: மிக மிகக் கொடிய விஷம். இதில் மண்டை ஓடும் எலும்பும் போட்டிருக்கும்.
மஞ்சள்: கொடிய விஷம்.
நீலம்: நடுத்தர விஷம்.
பச்சை: விஷம் குறைவு.

பச்சை என்றால் ஆபத்தே இல்லை என்று நினைக்கக் கூடாது. பச்சையும் விஷம்தான். குடிக்கவோ, மேலில் படவோ கூடாது.

மாரியப்பன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வரும் வழியில் சொன்னான்: "இவ்வளவு நாளும் மருந்து, மருந்து என்று சொல்லிவிட்டோம். மருந்து என்றால் உடம்புக்கு நல்லது என்றுதானே பிள்ளை நினைப்பான்?"

3. ஆச்சி சொன்னார்

"இனிமேல் முள்ளுப்பழம் பக்கமே போகக் கூடாது" என்று செல்லத்தாய் முத்துவிடம் சொன்னாள். முத்து அழுதான்.

ஆச்சி சொன்னார்: "பழத்து மேல என்ன குத்தம்? நான் சின்ன வயசில இருந்து தின்னுக்கிட்டு இருக்கேன். செடி நிக்கிற இடம்தான் சரியில்லை. அதை நம்ம முற்றத்துக்குக் கொண்டு வந்துட்டா என்ன?"

"காட்டுச் செடி வீட்டில் வளருமா அத்தை?"

"ஏன் வளராது? நுனி மண்ணைத் தொட்டா வேர் விடும். அது குணம் அப்படி."

ஆச்சி சொன்னது சரி. இந்தச் செடியைப் பற்றி நாமும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

இது ராஸ்பெர்ரி என்ற வகையைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் இதற்கு மைசூர் ராஸ்பெர்ரி என்று பெயர். அறிவியலில் ரூபஸ் நைவியஸ் என்பார்கள். நைவியஸ் என்றால் பனி போல வெள்ளை. இந்தச் செடியின் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெள்ளையாக இருக்கும். இளம் தண்டின் மேலும் திருநீறு பூசியது போல வெண்மை படிந்திருக்கும். தண்டு முழுவதும் வளைந்த முள் இருக்கும்.

இது நம் நாட்டுச் செடி. மூணாறு, நீலகிரி, பழனி மலைகளில் வளர்கிறது. வடக்கே இமயமலைச் சரிவுகளிலும் வளர்கிறது. அங்கே குமாவோன் பகுதி மக்கள் இதைக் காலா ஹிசாலு என்று சொல்கிறார்கள். காலா என்றால் கறுப்பு. மஞ்சள் பழம் தரும் இதன் உறவுச் செடியும் மலைகளில் உண்டு.

அமெரிக்காவிலும் கறுப்பு ராஸ்பெர்ரி என்று ஒரு செடி இருக்கிறது. அது வேறு. அதற்கு நீண்ட, கடுமையான குளிர்காலம் வேண்டும். நம் மலைச் செடிக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை. ஆனால் சமவெளியின் வெயிலில் இது நன்றாக வராது. இது மலையில் இருப்பவர்களுக்கு ஏற்ற செடி.

பழத்தை அடையாளம் காண்பது எப்படி? நன்கு பழுத்த பழத்தை மெல்ல இழுத்தால் கழன்று வரும். நடுவில் இருக்கும் வெள்ளைத் தண்டு செடியிலேயே நின்றுவிடும். பழம் தொப்பி போல உள்ளே குழிவாக இருக்கும். பிள்ளைகள் அதை விரலில் மாட்டி விளையாடுவார்கள். உண்ணிச்செடியின் கறுப்புக் காய் இப்படி இருக்காது. அது உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். அதன் பச்சைக் காய் உடம்புக்குக் கேடு. அடையாளம் தெரியாத எந்தப் பழத்தையும் தின்னக் கூடாது.

4. செடி வீட்டுக்கு வந்தது

செடியை எங்கிருந்து எடுப்பது? மூணாறுக்குப் பக்கத்தில் இரவிகுளம் தேசியப் பூங்கா இருக்கிறது. வரையாடுகள் வாழும் இடம் அது. பூங்காவில் இருந்தோ, காப்புக் காட்டில் இருந்தோ செடியை எடுக்கக் கூடாது. சட்டம் அதைத் தடுக்கிறது. ஆச்சி வேறு இடம் சொன்னார். லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஒரு புதர் இருந்தது. அங்கே யாரும் மருந்து அடிப்பதில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு அங்கே போனார்கள்.

விதை போட்டும் வளர்க்கலாம். ஆனால் விதை முளைக்கப் பல வாரம் ஆகும். நுனியைப் பதிப்பதுதான் எளிது. ஆடி மாத மழையில் அவர்கள் இப்படிச் செய்தார்கள்.

முதலில், அந்த ஆண்டு புதிதாக வளர்ந்த நீளத் தண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை மெல்ல வளைத்தார்கள். நுனி மண்ணைத் தொடும் இடத்தில் நான்கு விரல் ஆழத்துக்குக் குழி தோண்டினார்கள். நுனியை அதில் வைத்து மண்ணைப் போட்டு மூடினார்கள். தண்டு எழும்பாமல் இருக்க ஒரு கல்லை வைத்தார்கள். அடையாளத்துக்கு ஒரு குச்சியும் நட்டார்கள். இப்படி நான்கு நுனிகளைப் பதித்தார்கள்.

முத்து வாரம் ஒரு முறை போய்ப் பார்த்தான். "ஆச்சி, தோண்டிப் பார்க்கட்டுமா?" என்பான். "அவசரப்பட்டா வேர் அறுந்துரும் ராசா" என்பார் ஆச்சி.

இரண்டு மாதம் ஆயிற்று. புரட்டாசியில் பார்த்தபோது மூன்று இடங்களில் மண்ணைத் துளைத்துக்கொண்டு புதுத் தளிர் வந்திருந்தது. நான்காவது அழுகிவிட்டது. அங்கே தண்ணீர் தேங்கியிருந்தது.

தாய்ச் செடியோடு சேர்ந்த தண்டை, மண்ணில் இருந்து ஒரு சாண் உயரம் விட்டு வெட்டினார்கள். வேரைச் சுற்றி மண்ணோடு தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள்.

5. இடமும் குழியும்

எங்கே நடுவது? மாரியப்பன் வீட்டின் முன்பக்கத்தைக் காட்டினான். அங்கே நல்ல வெயில். ஆனால் தேயிலை பத்தடி தூரத்தில் இருந்தது.

"அங்கே வேண்டாம். மறுபடியும் காற்றில் விஷம் வரும்" என்றாள் செல்லத்தாய்.

வீட்டின் பின்பக்கம் நட முடிவு செய்தார்கள். தேயிலைக்கும் செடிக்கும் நடுவில் வீடே ஒரு சுவர் போல நிற்கும். அங்கே காலை முதல் மதியம் வரை வெயில் வரும். அரைநாள் வெயில் இந்தச் செடிக்குப் போதும். சரிவான இடம். மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். இந்தச் செடி ஈரம் கேட்கும். ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும்.

ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி எடுத்தார்கள். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் இடையில் ஆறடி விட்டார்கள். இந்தத் தண்டுகள் பத்தடிக்கு மேலும் நீளும். நெருக்கி நட்டால் உள்ளே கை விட முடியாது.

மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய சாணி எருவைக் கலந்தார்கள். பச்சைச் சாணி போட்டால் வேர் வெந்துவிடும். தேயிலை மண்ணில் புளிப்புத்தன்மை அதிகம். இந்தச் செடிக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. அதனால் குழிக்கு ஒரு கை அடுப்புச் சாம்பல் கலந்தார்கள். விறகுச் சாம்பல்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் எரித்த சாம்பல் கூடாது.

செடியை நட்டு, சுற்றிலும் மண்ணைக் கொஞ்சம் மேடாக அணைத்தார்கள். அதன் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பினார்கள். ஈரம் காக்கும். களையும் குறையும்.

தண்ணீர் ஊற்ற மாரியப்பன் ஒரு காலி டப்பாவைக் கொண்டு வந்தான். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தான். செல்லத்தாய் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் முக்கோணம்.

அவள் தாளை எடுத்து வந்து கடைசி வரியைப் படித்துக் காட்டினாள். காலி டப்பாவை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று அதில் இருந்தது.

"நல்லாக் கழுவிட்டேன் செல்லம்."

"எத்தனை தடவை கழுவினாலும் விஷ டப்பா விஷ டப்பாதாங்க. பிள்ளை இதில் தண்ணி மோந்து குடிச்சா என்ன செய்வோம்?"

மாரியப்பன் பேசவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு போய் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்தான். ஒரு பழைய வாளியை வாங்கி வந்தான்.

6. கிள்ளுவதும் வெட்டுவதும்

மார்கழியில் மூணாறில் சில நாள் புல்லின் மேல் உறைபனி விழும். அந்த இரவுகளில் இளம் செடிகளைச் சாக்குப் போட்டு மூடினார்கள். காலையில் வெயில் வந்ததும் எடுத்தார்கள். மாசியில் இருந்து மழை வரும் வரை வாரம் இரண்டு முறை செடிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார்கள்.

முதல் கோடையில் மூன்று செடியிலும் சேர்த்துப் பத்துப் பதினைந்து பழம்தான் வந்தது. "இவ்வளவுதானா?" என்று முத்து ஏமாந்தான். மழை வந்ததும் அடியில் இருந்து தடித்த புதுத் தண்டுகள் கிளம்பின.

தண்டுகள் இடுப்பு உயரம் வந்ததும் செல்லத்தாய் நுனியை நான்கு விரல் நீளம் கிள்ளிவிட்டாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. தேயிலையில் நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் கொழுந்து விடும். இந்தச் செடியும் அப்படித்தான். பக்கக் கிளைகள் வரும். அவற்றில்தான் பூவும் பழமும் நிறைய வரும்.

ஒரு செடிக்கு ஐந்து தண்டு போதும். மெலிந்த தண்டுகளை வெட்டிவிட வேண்டும். வரிசையின் இரண்டு முனையிலும் யூகலிப்டஸ் கம்பு நட்டு, இரண்டடி உயரத்தில் ஒன்றும் நான்கடி உயரத்தில் ஒன்றுமாகக் கம்பி கட்டினான் மாரியப்பன். தண்டுகளைக் கம்பியில் தளர்வாகக் கட்டினார்கள். கையில் முள் குத்தாமல் இருக்கத் தடித்த சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டார்கள்.

பழம் கொடுத்து முடித்த பழைய தண்டு பிறகு காய்ந்துவிடும். அதை மண் மட்டத்தோடு வெட்டி எடுக்க வேண்டும். புதுத் தண்டுகளை விட்டுவிட வேண்டும். எது பழையது, எது புதியது? பழைய தண்டு பழுப்பாக, உலர்ந்து இருக்கும். புதிய தண்டில் வெண்மை பூத்திருக்கும்.

இன்னொன்றும் முக்கியம். தண்டுகளைத் தரையில் படர விடக் கூடாது. நுனி தொட்ட இடமெல்லாம் வேர் விடும். முற்றம் முள் காடாகிவிடும். இந்தச் செடியைப் பசிபிக் கடலில் உள்ள ஹவாய், காலாபகஸ் தீவுகளுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அது பரவி, அந்த மண்ணின் சொந்தச் செடிகளை நெருக்குகிறது. அங்கே அது பெரிய களையாகிவிட்டது. வளர்ப்பவர் கையில் கத்தரிக்கோல் இருக்க வேண்டும்.

7. இரண்டாவது கோடை

இரண்டாவது கோடையில் மூன்று செடியும் வெளிர்சிவப்பாகப் பூத்தன. தேனீக்கள் வந்தன. காய் பச்சையாக இருந்தது. பிறகு சிவந்தது. பிறகு கறுத்தது.

சிவப்புப் பழம் புளிக்கும். கறுத்த பழத்தைத்தான் பறிக்க வேண்டும். பனி காய்ந்த பிறகு, காலையில் பறிப்பது நல்லது. ஆழமான பாத்திரத்தில் போட்டால் அடியில் உள்ளது நசுங்கும். தட்டில் பரப்ப வேண்டும். பறித்தவுடன் கழுவி வைத்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். தின்பதற்கு முன்புதான் கழுவ வேண்டும். ஒரு நாள், இரண்டு நாளுக்கு மேல் இந்தப் பழம் தாங்காது. மிஞ்சினால் சம அளவு சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி ஜாம் ஆக்கலாம்.

கொண்டைக்குருவிகள் கூட்டமாக வந்தன. இரண்டு செடியின் மேல் ஆச்சியின் பழைய சேலையைப் போட்டு மூடினார்கள். மூன்றாவது செடியை மூடவில்லை. "அதுங்களும் தின்னுட்டுப் போகட்டும்" என்றார் ஆச்சி.

முத்து ஒரு பழத்தைப் பறித்தான். வாயில் போடவில்லை. அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா, இதைத் தின்னலாமா?"

செல்லத்தாய்க்குத் தொண்டை அடைத்தது. "தின்னு. இது நம்ம செடி. இதுக்கு நாம என்ன ஊற்றினோம், என்ன போட்டோம் என்று நமக்குத் தெரியும்" என்றாள்.

முத்து பத்து விரலிலும் பழத்தை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்றான்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். ஆனால் மூன்று செடி எத்தனை பிள்ளைகளுக்குப் போதும்? மற்ற பிள்ளைகள் இன்னும் காட்டோரத்துக்குத்தான் போனார்கள். செல்லத்தாய் இதை யோசித்தாள். லயத்துப் பெண்களைக் கூட்டிப் பேசினாள். எல்லோரும் சேர்ந்து சூப்பர்வைசரிடம் போனார்கள். இரண்டு கோரிக்கை வைத்தார்கள்.

ஒன்று, எந்தக் காட்டில் எந்த நாள் அடிக்கப் போகிறார்கள் என்பதை முதல் நாளே பிரட்டுக்களத்தில் சொல்ல வேண்டும். இரண்டு, அடித்த இடத்தில் பலகை வைக்க வேண்டும்.

முதலில் அவர் தயங்கினார். "முத்துவுக்கு நடந்தது நாளைக்கு வேறு பிள்ளைக்கும் நடக்கலாம் ஐயா" என்றாள் செல்லத்தாய். பிறகு அவர் ஒத்துக்கொண்டார். "பலகையை யார் எழுதுவது?" என்று கேட்டார்.

"நான் எழுதுறேன்" என்றாள் செல்லத்தாய்.

அன்று இரவு மாரியப்பன் விளக்கைப் பிடித்துக்கொண்டான். "மருந்து அடித்திருக்கிறது என்று எழுது" என்றான். செல்லத்தாய் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பெரிய எழுத்தில் எழுதினாள்:

விஷம் தெளித்த இடம். பழம் பறிக்காதீர்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அதன் கீழே ஒரு மண்டை ஓடும் வரைந்தாள். மலையாளத்தில் எழுத இன்னொரு பெண் முன்வந்தாள்.

அடுத்த ஆடி மாதம் செல்லத்தாயின் முற்றத்தில் எட்டு நுனிகள் மண்ணுக்குள் இருந்தன. எட்டு வீட்டுக்காரர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். மாரியப்பனும் இப்போது எழுத்தறிவு மையத்துக்குப் போகிறான்.

நினைவில் வைப்போம்

விஷம் தெளித்த இடத்தின் பக்கத்தில் உள்ள பழம், கீரை எதையும் பறிக்கக் கூடாது. கழுவினாலும் விஷம் முழுவதும் போகும் என்று நம்ப முடியாது.

விஷம் உடம்பில் பட்டால் துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விஷம் உள்ளே போயிருந்தால் நாமாக வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டப்பாவை அல்லது தாளை உடன் கொண்டு போக வேண்டும்.

காலி விஷ டப்பாவில் தண்ணீர், எண்ணெய், அரிசி எதையும் வைக்கக் கூடாது.

முள்ளுப்பழச் செடியின் நுனியை ஆடியில் பதிக்கலாம். புரட்டாசியில் எடுத்து நடலாம். இடுப்பு உயரத்தில் நுனியைக் கிள்ளலாம். பழம் முடிந்த தண்டை அடியோடு வெட்டலாம்.

பயிற்சி

அ. பதில் சொல்லுங்கள்.

1. முத்துவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது ஏன்?
2. செல்லத்தாய் ஆஸ்பத்திரிக்கு எதை எடுத்துக்கொண்டு போனாள்? அதனால் என்ன நன்மை?
3. வீட்டின் முன்பக்கத்தில் செடி நட வேண்டாம் என்று செல்லத்தாய் ஏன் சொன்னாள்?
4. நான்காவது நுனி ஏன் அழுகியது?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. டப்பாவில் ______ முக்கோணம் இருந்தால் அது மிக மிகக் கொடிய விஷம்.
2. ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் ______ அடி இடைவெளி வேண்டும்.
3. தேயிலை மண்ணின் புளிப்பைக் குறைக்க அடுப்புச் ______ போடலாம்.

இ. சேர்ந்து பேசுவோம்.

1. உங்கள் வீட்டில் பூச்சிக்கொல்லி, எலி மருந்து, கொசு மருந்து எங்கே வைத்திருக்கிறீர்கள்? பிள்ளைகளின் கைக்கு எட்டுமா?
2. அந்த டப்பாக்களை எடுத்துப் பாருங்கள். முக்கோணம் என்ன வண்ணம்? என்ன எழுதியிருக்கிறது? படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
3. உங்கள் ஊரில் தானாக வளரும் எந்தப் பழத்தை முற்றத்தில் வளர்க்கலாம்?